வலப்பக்கம் உன்னுடையது

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளடி. மணி ஒன்றரை. மகன் இப்போதுதான் உறங்கினான். உன் வால்வு ரேடியோவை அணைத்து அரைமணி ஆகியும், அதன் சூட்டில் தூசி கருகும் வாசனை அறையை விட்டுப் போகவில்லை. கும்பளங்கியில் உன் வீட்டுப் பின்னறையிலும் இதே வாசனைதான்.

நீ மஞ்சள்காமாலையில் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. பதினாறாம் நாள் கழிந்ததும் உன் அண்ணன் ரேடியோவையும் நம் நோட்டையும் மட்டாஞ்சேரியில் என் வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார். "இதிலே பாட்டு கேட்டு எங்களுக்குப் பழக்கமில்லை மோளே, நீயே வச்சுக்கோ" என்றார். சிரிக்கவைக்கத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது.

அப்போது நாம் எம்.எஸ்ஸி. இரண்டாம் வருடம். விண்கலம் ஒன்று வியாழன் கிரகத்தைத் தாண்டிப் போயிருந்தது. வீட்டுச் சிற்றலை ரேடியோவிலேயே வியாழனைக் கேட்கலாம் என்று எங்கோ படித்துவிட்டு வந்து நின்றாய். அயோ என்ற அதன் நிலவு எரிமலை வழியாகக் கந்தகத்தைக் கக்குகிறது. அது மின்னேறிய பிளாஸ்மாவாகி வியாழனின் காந்தப்புலத்தில் மாட்டிச் சுற்றுகிறது. அந்தப் புலத்தை அறுத்துக்கொண்டு அயோ ஓடும்போது மின்சாரம் பாய்ந்து, துருவத்தருகே எலக்ட்ரான்கள் ரேடியோ அலையாக இரைகின்றன. இவ்வளவையும் கப்பைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே சொல்லி முடித்தாய். இரண்டு தென்னைகளுக்கு நடுவே செம்புக்கம்பி கட்டினோம்.

உன் அண்ணன் எட்டிப் பார்த்தார். "எந்தா, பாட்டு வராத ஸ்டேஷனாப் பாத்துப் பிடிக்கிறீங்க? இதுக்கா எம்.எஸ்ஸி.?"

"அது பாடும்போது சேட்டன் உறங்கிட்டிருப்பீங்க" என்றாய்.

காது எனக்கு, கண் உனக்கு. நோட்டின் இடப்பக்கத்தில் நான் இரைச்சல் கேட்ட நிமிடங்களை எழுதுவேன். ஒலியைக் கேட்காமல் காதில் பஞ்சு அடைத்து, அலை வலுத்து ரேடியோவின் பச்சை விளக்கு துடித்த நிமிடங்களை நீ தனித்தாளில் குறிப்பாய். காலையில் அதை வலப்பக்கத்தில் ஒட்டுவோம். முதுகோடு முதுகு. விடியும்வரை பேச்சில்லை. "கேக்கணும்னு ஆசைப்படறவ காதை நம்பாதேடீ. அவளுக்கு எப்பவும் கேக்கும்" என்பாய்.

முதல் வாரமே நான் அந்தத் தப்பைச் செய்தேன். அயோ வாகான இடத்துக்கு வரும் நேரத்தை நீ கணக்குப் போட்டு ஒரு சீட்டில் எழுதி மடித்துவைத்திருந்தாய். பிரித்துப் பார்த்துவிட்டேன். அன்றிரவு அதே நேரத்தில் ஏழு முறை கேட்டது. உன் தாளில் ஒன்றுகூட இல்லை.

"சீட்டைப் பாத்தியா?"

"பாத்தேன்."

அழிக்கப் போன என் கையைப் பிடித்தாய். "ஒரே ஒரு கோடு போடு. அடியிலே இருக்கிறதைப் படிக்க முடியணும்."

பிறகு நாலைந்து இரவு எதுவுமே இல்லை. சூரியன் வீசிய புயலில் நம் தலைக்கு மேலுள்ள அயனிப் படலம் குலைந்து, தெரிந்த நிலையங்கள்கூடப் பிடிபடவில்லை. நான் சலித்துக்கொண்டேன். "சத்தம் வரலேன்னா அங்கே ஒண்ணுமில்லேன்னு அர்த்தமா? நடுவிலே தடுத்திருக்கலாம். நம்ம ரேடியோ கெட்டிருக்கலாம். எதுன்னு தெரியாம தீர்ப்பு எழுதாதே" என்றாய்.

அடுத்து ஓர் இரவு, கரையில் அலை ஏறி இறங்குவதுபோல வந்தது. நடுவே சட்டியில் கடுகு பொரிவதுபோலவும். நாலு நிமிடங்கள் குறித்தேன். காலையில் உன் தாளிலும் அதே நாலு. தோப்பும்படியில் மீன் ஏலத்தின் கூச்சலுக்கு நடுவே சாயா குடித்தோம். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யாருக்குப் புரியும்?

என் மகனுக்கு இப்போது ஒன்றேகால் வயது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. கதவு அறைந்தால் சில நாள் திடுக்கிடுகிறான். சில நாள் இல்லை. ஒரு வாரம் கவனித்து எழுதிவரச் சொன்னார் டாக்டர். நாளை போக வேண்டும். என் வீட்டுக்காரர் கப்பலில் இருக்கிறார். வர இன்னும் மூன்று மாதம். அவன் திரும்பினால் குறிக்கச் சொல்லி அத்தையிடம் பென்சிலைக் கொடுத்து உட்காரவைத்தேன். நான் ரேடியோவைத் திருகும் முன்பே குறித்துவிட்டார்.

"அத்தை, இன்னும் போடவே இல்லை."

"போட்டா திரும்பத்தானே போறான்! இவன் அப்பனும் மூணு வயசிலேதான் வாயைத் திறந்தான். நீதான் மோனுக்கு இல்லாத தீனத்தை உண்டாக்கறே."

இன்றிரவு அவன் தூங்காமல் பாயில் விளையாடிக்கொண்டிருந்தான். ரேடியோவை அவன் முதுகுக்குப் பின்னால் வைத்து, இரண்டு நிலையங்களுக்கு நடுவே முள்ளை நிறுத்தி, இரைச்சலைச் சட்டென்று கூட்டினேன். திரும்பினான். நம் நோட்டின் மிச்சப் பக்கத்தில், இடப்பக்கம், "திரும்பினான்" என்று எழுதினேன். எழுதி முடித்துத்தான் எதிர்ச்சுவரைப் பார்த்தேன். நான் குனிந்தால் என் நிழல் அவன் முன்னே அசைகிறது. நிழலைப் பார்த்துத் திரும்பினானா, சத்தத்தைக் கேட்டா? மறுபடி செய்தேன், விளக்கை அணைத்துவிட்டு. இருட்டில் எனக்கே அவன் தெரியவில்லை.

அந்தச் சொல்லின் மேல் ஒரே ஒரு கோடு போட்டிருக்கிறேன். அடியில் இருப்பதைப் படிக்க முடிகிறது. நாளை டாக்டரிடம் அப்படியே காட்டுவேன். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்: எவ்வளவு ஆசையிருந்தாலும் அழிக்காமல், கூட்டாமல் எழுதுவது. ஆனால் எனக்குத் திரும்பிப் பார்த்துக் கேட்க முதுகுப்பக்கம் ஆளில்லை. வலப்பக்கம் காலியாகக் கிடக்கிறது.

சீக்கிரம் பதில் போடு.