ஈக்வலைசரின் கீழ் வரிசை

மாப்ள, உன் பூட்டை இன்று காலை அறுத்துவிட்டேன். ஆக்சா பிளேடு வைத்துக் கால் மணி நேரம் அறுத்தேன். திண்டுக்கல் பூட்டாயிற்றே, லேசில் விடுமா? அறுக்கிற வரைக்கும் உன்னைத் திட்டிக்கொண்டேதான் இருந்தேன். பிளேடு பிடித்த கையாலேயே இதை எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாகப் போகிறது, பொறுத்துக்கொள்.

மாடி அறையை ரெக்கார்டிங் அறையாக மாற்றியிருக்கிறேன். காய்கறி வண்டிக்கும் ஜவுளிக்கடைக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் அறிவிப்புக் குரல் பதிந்து கொடுக்கிறேன். அதற்காக ஒட்டன்சத்திரத்தில் மைக் செட் தொழிலை விட்ட ஒருவரிடம் பழைய சாமான்களை மொத்தமாக வாங்கினேன். சாக்கில் சுற்றிக் கிடந்த ஒன்றைக் காட்டி, "ஏனுங்க, அது மட்டும் பூட்டியே கெடக்குதுங்க. சாவி இல்லீங்க. வாங்கின நாள்ல இருந்து நாங்க தொட்டதே இல்லீங்க" என்றார். நானும் பிரித்துப் பார்க்காமல் வண்டியில் ஏற்றிவிட்டேன்.

இன்றுதான் இரும்பு ரேக்கில் ஒவ்வொன்றாகத் திருகி மாட்ட உட்கார்ந்தேன். ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் அடியில் வைத்தேன். "கனத்ததைக் கீழ போடு மாப்ள, இல்லன்னா ரேக்கு ஒன் தலையிலதான் சாயும்" என்பாய். அந்தப் பழக்கம் இன்னும் கையிலேயே இருக்கிறது. அடுத்து அந்தச் சாக்கைப் பிரித்தேன். ஒரு ஈக்வலைசர், கீச்சுச் சத்தத்தையும் கனத்த சத்தத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற பெட்டி. முகப்பை மறைத்து ஓட்டை ஓட்டையாய் ஒரு தகடு, தகட்டின் ஓரத்தில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பித்தளைப் பூட்டு. திருகு மாட்டுகிற துளை ஒன்று கிழிந்துபோய், அங்கே ஒரு சைக்கிள் வாஷர். எனக்குத் திக்கென்றது. இப்படிப் பூட்டுப் போட்டு வைக்கிற ஆள் இந்த ஜில்லாவில் ஒருவன்தான் இருந்தான். நீ மண்ணுக்குள் போய் ஒரு வருஷம் ஆகிறது, உன் பெட்டி என் மடியில் கிடக்கிறது.

அந்தப் பூட்டை நீ மாட்டிய நாள் நினைவிருக்கிறது. கல்யாண வீடுகளில் கண்டவனும் வந்து பட்டனை நகர்த்திவிடுகிறான் என்றாய். "பீரோவுக்கே இம்புட்டுப் பாதுகாப்பு இல்லையேடா" என்று நான் கேலி செய்தேன். ஆனால் எனக்கு ஒரு சாவி கேட்டபோது, "தாரேன் மாப்ள, தாரேன்" என்று சொல்லிச் சொல்லியே தராமல் விட்டாய். மைக் செட் தொழிலில் பத்து வருஷக் கூட்டாளிக்குச் சாவி இல்லை. என்னை நம்பவில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு கன்னிவாடித் திருவிழா. வலப்பக்க ஸ்பீக்கர் மட்டும் கீச்சென்று கத்தியது. உட்கார்ந்திருந்தவர்கள் காதைப் பொத்தினார்கள். விழாக் கமிட்டிக்காரர்கள் முன்னால், அத்தனை பேர் பார்க்க, நான் உன்னிடம் கத்தினேன். "ஏலே, காது செவிடா ஒனக்கு? இரும்பை அறுக்குற மாதிரி கத்துது, கேக்கலையா?" நீ என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாய். மறுவாரம் உன் சாமான்களைப் பிரித்து எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டாய்.

தப்பு என்மேல்தான் என்று எனக்கு உறைக்க நாலு மாதம் ஆனது. பேருந்து நிலையத்துப் பக்கம் பழக்கடையில் நீ ஆரஞ்சு பொறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பத்தடி தூரத்தில் நின்று, பேருந்து இரைச்சலுக்கு நடுவே "மாப்ள!" என்று கூப்பிட்டேன். இரண்டு தடவை கூப்பிட்டேன். நீ திரும்பவே இல்லை. பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு உன்பாட்டுக்கு நடந்துவிட்டாய். இவ்வளவு திமிரா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்கப்புறம் ஆறு வருஷம் நாம் பேசவில்லை. நீ இறந்த அன்று கபர்ஸ்தான் வாசல் வரைக்கும் வந்தேன். அங்கேயும் அந்த ஆரஞ்சுக் கடைதான் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு பிடி மண் போடாமல் திரும்பிவிட்டேன்.

இன்று பூட்டு விழுந்ததும் தகட்டைக் கழற்றினேன். உள்ளே மேலும் கீழும் தள்ளுகிற பட்டன்கள் இரண்டு வரிசை, நீ கடைசியாக வைத்தது வைத்தபடி. மேல் வரிசை இடப்பக்க ஸ்பீக்கருக்கு, கீழ் வரிசை வலப்பக்க ஸ்பீக்கருக்கு. மேல் வரிசை ஒழுங்காக இருந்தது. கீழ் வரிசையில் கூர்மையான சத்தத்துக்கான பட்டன்கள் எல்லாம் உச்சிக்கு ஏறியிருந்தன. வண்டிக் குலுக்கலில் நகர்ந்தது என்று சொல்ல முடியாது. படிக்கட்டு மாதிரி ஒன்றைவிட ஒன்று உயரமாக, நிதானமாக ஏற்றி வைத்திருந்தாய். நீ சரிபார்க்கிற மாதிரியே ஹெட்போன் மாட்டி ஒரு பாட்டை ஓடவிட்டேன். இடது காதில் பாட்டு அத்தனை சுத்தமாக இருந்தது. வலது காதில் பிளேடு இறங்கியது. பிடுங்கி எறிந்தேன். இதை ஒருவன் சரியென்று வைத்திருக்கிறான் என்றால் அவன் வலது காதில் என்ன மிச்சம் இருந்திருக்கும்?

உடனே உன் வீட்டுக்குப் போன் செய்தேன். உன் மனைவி எடுத்ததும் பட்டன்கள் இருந்த நிலையைச் சொல்லி, உன் வலது காதைப் பற்றிக் கேட்டேன்.

"இப்பத்தான் தெரியுமாண்ணே ஒங்களுக்கு? ஒங்ககூட இருந்தப்பவே அந்தக் காது போயிருச்சு. சவுண்டு வேலை பாக்குறவனுக்குக் காது கேக்காதுன்னா எவன் கூப்பிடுவான்னு மறைச்சாரு. கூட்டாளிகிட்ட மட்டும் சொல்லிராதன்னு எங்கிட்ட ஆணை வாங்கிட்டாரு. நீங்கதான் பேச மாட்டேங்கிறீங்கன்னு கடைசி வரைக்கும் நெனச்சுக்கிட்டே போனாருண்ணே."

போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். பாட்டு ஓடும்போது நான் மிக்ஸர் பெட்டி முன்னால் சௌகரியமாக உட்கார்ந்திருப்பேன். நீ வலது காதை ஸ்பீக்கருக்குக் கொடுத்து, என்னைப் பார்த்தபடி நின்று, கூட்டு, குறை என்று கை காட்டுவாய். வருஷக்கணக்காக அங்கேயே நின்றாய். "ஒன் காது தங்கக் காதுடா" என்று சொல்லி உன்னை அங்கே நிறுத்தியவன் நான். அந்தக் காதைத்தான் ஊர் பார்க்கச் செவிடா என்று கேட்டேன். அட பாவி, அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்ன, உன்னை வேலையை விட்டா அனுப்பியிருப்பேன்? தெரியவில்லை மாப்ள. அன்றைக்கு இருந்த நான் அனுப்பியிருந்தாலும் அனுப்பியிருப்பேன்.

பெட்டியை ரேக்கில் என் கண்ணுக்கு நேராக மாட்டிவிட்டேன், உன் சைக்கிள் வாஷரைப் போட்டே. ஒயர் கொடுக்கவில்லை. கீழ் வரிசையில் விரல் படவில்லை, படவும் விடமாட்டேன்.

அப்புறம் ஒரு பைத்தியக்கார வேலை செய்தேன். ஒரு நாற்காலியைப் பழக்கடையாக வைத்தேன். அதைப் பார்த்து நீ நின்ற மாதிரி நின்றுபார்த்தேன். நான் அன்று எந்தப் பக்கமிருந்து வந்தேன் என்று யோசித்தேன். பேருந்து நிலையத்துச் சுவர் பக்கம். உன் வலப்பக்கம். இரண்டு தடவையும் அங்கே நின்றேதான் கூப்பிட்டிருக்கிறேன்.

பத்தடி நடந்து வந்து உன் தோளைத் தொட்டிருக்கலாம்.