மாமா போடாத ரிட்டன்

நாரணாபுரம் ரோடு,
சிவகாசி.
ஞாயிற்றுக்கிழமை

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், கண்ணுச்சாமி பிரஸ் அதிபரின் ஒரே மகனும், பிளஸ் ஒன் வகுப்புக் கடைசி பெஞ்சின் நிரந்தரத் தலைவருமான மணிமுத்து அவர்களுக்கு மேலுதட்டின் இடது பக்கம் மீசை அரும்பியிருக்கிறது. வலது பக்கத்து விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. வாழ்த்த வருவோர் மொய்யை மட்டும் எழுதிவிட்டு, மீசையைத் தொடாமல் செல்லவும்.

அன்புள்ள வல்லி அக்காவுக்கு, மேற்படி மீசைக்காரன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான், பிரஸ்ல உள்ள ரெண்டு மிஷின் எல்லாரும் சுகம். பெரிய மிஷின் மட்டும் கொஞ்சம் இருமுது. கோயமுத்தூர்ல நீயும் ஜெயபாண்டி அத்தானும், உன் மாமனார் ரத்தினசாமி மாமாவும், அத்தையும் சுகமா இருக்கீகன்னு நம்புறேன்.

நம்பத்தான் முடியுது, கேக்க முடியல. போன வாரத்துல இருந்து அப்பா கூப்பிட்டா ரிங் போய்க்கிட்டே இருக்கு, நீ எடுக்க மாட்டேங்கிற. டவர் கிடைச்சிருக்காதுன்னு அம்மா சொல்றாள். மல்லாங்கிணத்துக் கம்மாய்க்குள்ள கிடைக்கிற டவர் கோயமுத்தூர்ல கிடைக்காதாக்கும். அப்படியே நீ எடுத்தாலும் உங்க வீட்டு வழக்கப்படி ஸ்பீக்கர்ல போட்டு நடு ஹால்ல வச்சுத்தான் பேசணும். அதனாலதான் இந்தக் கடிதம். காலண்டர் சாம்பிள் கட்டுல, முருகன் படத்துக்கும் அருவிப் படத்துக்கும் நடுவுல சுருட்டி வச்சு லாரி செட்டுல போடப்போறேன். படிச்சதும் கிழிச்சிரு.

ஊர்ச் செய்தி. பட்டாசு சீசன் உச்சத்துல இருக்கு. காலையில ஆள் ஏத்திப்போற வேனுக எல்லாம் நம்ம தெருவைத் தூக்கிக்கிட்டுப் போற மாதிரி போகுது. லேபிள் ஆர்டர் நல்லா வருது. பணம்தான் வழக்கம்போல தீபாவளி கழிச்சுன்னு சொல்லிட்டாக. போன திங்கக்கிழமை ஒரு கூத்து. கம்பி மத்தாப்புப் பெட்டி லேபிள்ல மஞ்சள் கலர் விழாமலே ஒரு லோடு ஓடிருச்சு. படத்துல இருக்கிற பொண்ணு கையில மத்தாப்பைக் காணோம். வெறுங்கையை நீட்டிக்கிட்டு ஈன்னு சிரிக்குது. அப்பா அந்த லேபிளை எடுத்து வச்சு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தார். நட்டம் ஆயிருச்சேன்னு பாக்காருன்னு நினைச்சேன்.

இனி தலைப்புச் செய்தி. நீ கல்யாணமாகிப் போனதுல இருந்து நம்ம பிரஸ்ஸோட ஜி.எஸ்.டி. மந்திரி நான்தான். நீ இருந்தவரை ரிட்டன் போடுற வேலையெல்லாம் நீயே பாத்துக்கிட்ட. எங்களுக்கு அது அடுப்படி மாதிரி, உள்ள என்ன நடக்குன்னு எட்டிப் பாத்ததில்ல. இப்ப அப்பாவை ஆடிட்டர் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போறது, அங்க வேலை பாக்கிற பிரீத்திகா அக்கா சொல்றதை அப்பாவுக்குத் தமிழ்ல சொல்றது (அவங்களும் தமிழ்லதான் சொல்றாங்க), எல்லாம் என் இலாகா. எனக்கு அம்புட்டும் தெரியும், எம்புட்டும் தெரியும், இன்புட்டு ஒண்ணுதான் தெரியாம இருந்தது. இப்ப அதுவும் அத்துபடி.

உனக்குத் தெரியாததில்ல. ஆனா எனக்குத் தெரியும்கிறது உனக்குத் தெரியணுமே, அதுக்காக எழுதுறேன். மாமா கடையில நாம அட்டை வாங்குறோம். விலையோட வரியையும் சேத்து மாமாகிட்டக் குடுத்துர்றோம். மாமா அதை அரசாங்கத்துல கட்டி, இன்னாருக்கு வித்தேன்னு ரிட்டன்ல காட்டணும். காட்டினா, நாம பெட்டிக்கும் லேபிளுக்கும் கட்டவேண்டிய வரியில அந்தத் தொகையைக் கழிச்சுக்கலாம். அதுதான் இன்புட். மாமா காட்டலேன்னா நமக்குக் கிடையாது. மாமா சித்திரையில இருந்து ரிட்டனே போடல. அப்பாவோ, சம்பந்தி போடாமலா இருப்பார்னு பாக்காமக் கொள்ளாமக் கழிச்சுட்டார். பிரீத்திகா அக்கா ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கேட்டாங்களாம். அது எங்க வீட்டுக் கடைம்மா, நீ போடுன்னு அப்பா சொன்னாராம். இப்ப நோட்டீஸ் வந்திருக்கு. கழிச்சதை வட்டியோட கட்டு, இல்லேன்னா விளக்கம் சொல்லுன்னு.

இங்கதான் அத்துபடி கொஞ்சம் படி தவறுது. நாம மாமாவுக்குப் பணம் அனுப்பினது நிஜம், பேங்குல இருக்கு. பில்லு நிஜம். அட்டை நிஜம், அதை இறக்கி வச்சதுல எனக்கு இடுப்பு பிடிச்சது அதைவிட நிஜம். அந்த அட்டையில செஞ்ச புஸ்வாணப் பெட்டி இந்நேரம் பீகார்ல யார் வீட்டுப் பரண்லயோ இருக்கு. எல்லாம் நிஜமா இருக்கும்போது, வரி மட்டும் எப்படிக்கா பொய்யாகும்? பிரீத்திகா அக்காகிட்டக் கேட்டேன். நீ கேக்கிறது சரிதான் தம்பி, ஆனா சட்டம் வேறன்னாங்க. எனக்கு இன்னும் புரியல. அவங்களுக்கும் புரிஞ்ச மாதிரி தெரியல.

விருதுநகர் வரி ஆபீசுக்கும் போனோம். அங்க ஒரு சார் நல்லவிதமாத்தான் பேசினார். கம்ப்யூட்டர்ல வராததை நான் எப்படிப்பா ஒத்துக்கிறது, சப்ளையர்கிட்டச் சொல்லிப் போடச் சொல்லுங்கன்னார். அவரு எங்க சம்பந்திங்கன்னு அப்பா சொன்னார். அப்ப ரொம்ப ஈசியாப் போச்சேன்னு அந்த சார் சிரிச்சார். அப்பா அவரைப் பாத்த பார்வை இருக்கே, பாவம், இவருக்கு இன்னும் பொண்ணு கட்டிக்குடுக்கிற வயசு வரலைன்னு நினைச்சிருப்பார்.

அதுக்கப்புறம் தினம் ஒரு நாடகம். கேட்டுர்றேன், இன்னைக்குக் கேட்டுர்றேன்னு அப்பா மாமாவுக்குப் போன் போடுவார். அங்க மழை பெய்யுதா சம்பந்திம்பார். அட்டை ரேட்டு எப்படிப் போகுதும்பார். முட்டுவலிக்கு ஒரு தைலம் சொல்லுவார். பிறகு வச்சுருவார். வச்சிட்டு அம்மாவைப் பாத்து, சாடையாக் கேட்டுட்டேன்ல, புரிஞ்சிருக்கும்பார். இதுல எங்கன சாடை இருக்குன்னு எனக்கும் அம்மாவுக்கும் இன்னைக்கு வரைக்கும் பிடிபடல.

மாமா ஏன் போடலைங்கிறதுக்கு ஆளாளுக்கு ஒரு கதை. கணக்குப் பாத்த நாகையா சண்டை போட்டு நின்னுட்டாரு, ஓ.டி.பி. இன்னும் அவர் போனுக்குத்தான் போகுது, அவர் போனை எடுக்க மாட்டேங்கிறாருன்னு அத்தான் சொன்னார். போட்டாச்சு, கம்ப்யூட்டர்லதான் ஏறலைன்னு மாமா யார்கிட்டயோ சொன்னாராம். அம்மாவோ, அதெல்லாம் பெரியவுக விஷயம், நீ போய்க் கடையில தேங்கா வாங்கிட்டு வாங்கிறாள். நீ கையை வச்சா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிரும் எது நிஜம்னு. வேலை தெரிஞ்ச ஆளு அந்த வீட்டுக்குள்ளயே சாம்பார் வச்சிக்கிட்டு இருக்கு, மருமக கடைக் கணக்கைத் தொடக்கூடாதுன்னு வச்சிருக்காக. இதை நினைச்சா எனக்குச் சிரிப்பு வருது. சில நேரம் வரல.

ஆனா ஒண்ணு. இம்புட்டு நாளா தானாப் போன் பண்ணாத மாமா, என்னோட ஒரு சின்ன யோசனையால அவராவே அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினார். அது என்ன ராஜதந்திரம்னு கடைசியில சொல்றேன்.

இதுவரைக்கும் காலையில எழுதினது. நடுவுல அம்மா துணிக்கடைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாள். உங்க தலைதீபாவளிக்கு அத்தானுக்குப் பட்டு வேட்டி, உனக்கு மாம்பழக் கலர்ல ஒரு சேலை. கடைக்காரர் மடிச்சு வைக்கும்போது, எப்ப வர்றாக மகளும் மருமகனும்னு கேட்டார். அம்மா என்னைப் பாத்தாள். நான் சீலிங் ஃபேனைப் பாத்தேன். ஏன்னா வளர்பிறையில வெத்தலை பாக்கோட வந்து உங்களை அழைக்கிறதா இருந்தது. இப்ப மாமா, வர்றதைப் பத்திப் பிறகு பாப்போம்னு சொல்லிட்டாராம். அத்தானுக்குப் போட ஆசாரிகிட்டச் சொல்லியிருந்த மோதிரத்தையும் அப்பா நிறுத்தச் சொல்லிட்டார்.

மோதிரத்தை ஏன் நிறுத்தினார்னு உனக்குத் தெரியணும்கா. அம்மாவுக்குக்கூட முழுசாத் தெரியாது. பிரீத்திகா அக்கா நோட்டீசுக்கு ஒரு பதில் எழுதி வச்சிருந்தாங்க. நாங்க வரியோட பணம் குடுத்துட்டோம், கட்டாதது இன்ன கடைக்காரர், அவர்கிட்டப் போய்க் கேளுங்கன்னு, மாமா பேரும் கடை விலாசமும் போட்டு. கையெழுத்துப் போட்டா நமக்கு ஒரு வழி பிறக்கும், ஆனா அடுத்த நோட்டீஸ் உங்க வீட்டு வாசலுக்கு வரும். அப்பா பேனாவை எடுத்தார், மூடினார், அதைப் பிரீத்திகா அக்கா மேஜையிலேயே வச்சிட்டார். நானே கட்டிர்றேம்மான்னு சொன்னார். ஒரு வரியை ரெண்டு வாட்டி கட்டுற ஒரே ஆளு நம்ம அப்பாவாத்தான் இருப்பார். வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டணுமாம். மோதிரம் அங்கனதான் போகுது.

ஏன்ப்பா இப்படின்னு பஸ்ல கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு, போன்ல உன் அக்கா வளையல் சத்தத்தைக் கேட்டியாலேன்னார். எனக்கு ஒண்ணும் விளங்கல. முன்னெல்லாம் நீ பேசினா கலகலன்னு வளையல் சத்தம்தான் முதல்ல வரும், நீ பேசுறது பிறகுதான் கேக்கும். ஆவணியில இருந்து உன் குரல் தெளிவா, சுத்தமாக் கேக்குது. நீ நெட்வொர்க்கை மாத்திட்டேன்னுல்ல நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். வளையல் அடகுக்கடைக்குப் போயிருக்கும்ங்கிறதும், மாமாவுக்கு ரிட்டன் போடத் தெரியாம இல்ல, போட்டா கட்டப் பணம் இல்லைங்கிறதும் எனக்கு அந்த பஸ்லதான் உறைச்சது. சரியா தப்பா, நீதான் சொல்லணும். சொல்ல வேண்டாம்னாலும் சரி.

அந்த ராஜதந்திரத்தை இப்பச் சொல்லிர்றேன். இதை எழுதத்தான் காலையில இருந்து மீசையையும் மத்தாப்பையும் சுத்திச் சுத்தி வந்துக்கிட்டு இருக்கேன்.

கல்யாண வாட்ஸ்அப் குரூப்புல அப்பா நம்பர்ல இருந்து ஒரு போஸ்டர் வந்ததே, அது அப்பா போட்டதில்லக்கா. நான்தான். காணவில்லைன்னு தலைப்புப் போட்டு, பெயர் ரிட்டன், கடைசியாகக் காணப்பட்ட மாதம் சித்திரை, கண்டுபிடித்துத் தருவோருக்கு ஒரு பெட்டி புஸ்வாணம் இனாம்னு எழுதி, உங்க கல்யாண மேடையில மாமா சிரிச்சுக்கிட்டு நிக்கிற போட்டோவை வெட்டி ஒட்டினேன். கண்ணீர் அஞ்சலி அடிக்கிற கம்ப்யூட்டர்லதான் செஞ்சேன். எல்லாரும் சிரிப்பாக, மாமாவும் சிரிப்பாரு, சிரிச்சிக்கிட்டே ரிட்டனைப் போட்டுருவாருன்னு நினைச்சேன். நிஜமாவே அப்படித்தான் நினைச்சேன்கா. சொந்தத்துல ஒருத்தர்கூடச் சிரிக்கல. மதுரைச் சித்தப்பா மட்டும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டுட்டு, உடனே அழிச்சிட்டார்.

அன்னைக்குச் சாயங்காலம்தான் மாமா கூப்பிட்டார். பக்கத்துல நின்ன எனக்கும் கேட்டது. அவர் சத்தம் போடல.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சம்பந்தி" அப்படின்னார். அம்புட்டுத்தான்.

அப்பா என்னைப் பாத்தார். முதுகை நெளிச்சு அடிக்குத் தயாரா நின்னேன். அவர் போன்ல, என் புத்தி பிசகிப் போச்சு, நான்தான் போட்டேன், மன்னிச்சிருங்கன்னு சொன்னார். வச்சிட்டு, ஏலே, உனக்குப் பரீட்சை எப்பன்னு கேட்டார். இன்னைக்கு வரைக்கும் அதைப் பத்தி ஒரு சொல் கேக்கல. அடிச்சிருந்தா அன்னைக்கோட முடிஞ்சிருக்கும்.

நீ அப்பா மேல கோவத்துலதான் போனை எடுக்காம இருக்கிறேன்னு எனக்குத் தெரியும். டவர் இல்லாம இல்ல. அந்தக் கோவத்தை அப்படியே என் பக்கம் திருப்பி வச்சுக்கோ. மந்திரி பதவியை ராஜினாமா பண்ணிட்டேன். இன்புட்டும் எனக்கு முழுசாப் புரியல. அந்த மீசையும் பிரஸ் மைதான்கா, முகம் கழுவினதும் போயிருச்சு.

மேல கிழிச்சிருன்னு எழுதினதை விட்ரு. வளையலைப் பத்தி எழுதின தாளை மட்டும் நீ எடுத்து வச்சுக்கோ, அதைத் தனித் தாள்லதான் எழுதியிருக்கேன். மத்ததை மாமா கையில குடுத்தாலும் சரி. மாமா, இதை நீங்க படிச்சா, நான் நேர்ல வந்து கால்ல விழணும்னாலும் விழுறேன். எங்க அப்பாகிட்டப் பேசுங்க.

அக்கா, ஒரே ஒரு போன் போடு. வெள்ளிக்கிழமைக்கு முன்னாடியோ பின்னாடியோ, அப்பா பணம் கட்டினாலும் கட்டலேன்னாலும், தலைதீபாவளிக்கு அத்தானோட வந்துரு. வெறுங்கையோட வா. சத்தத்துக்கு நம்ம ஊர்ல என்ன குறைச்சல்.

உன் வாயால ரெண்டு திட்டு கேக்கக் காத்திருக்கும் தம்பி,
மீசையில்லாத மணிமுத்து