நமக்கு நடுவில் விழாத கோடு

உன் வீட்டு வைக்கோல் படப்பின் மேல் நம்முடைய வரைபடம் கிடக்கிறது. போன வாரம் துக்கம் கேட்கக் கெங்குவார்பட்டிக்கு வந்தபோது முதலில் என் கண்ணில் பட்டது மாலை போட்ட உன் படம் இல்லை, அதுதான். வைக்கோல் மழையில் நனையாமலிருக்க அந்தப் பழைய ஃப்ளெக்ஸை மேலே விரித்து, ஓரத்தில் கல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். நீல வட்டம், பச்சை வட்டம், குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். கல்லூரிக் கண்காட்சிக்காகத் தேனியில் ஒரு கடையில் நாம் அச்சடித்தது. கல்யாண பேனர்களுக்கு நடுவில் அதைப் பார்த்த கடைக்காரர், "இதுல பொண்ணு மாப்ள எங்கக்கா?" என்று கேட்டதும் நீ சிரித்துச் சிரித்துக் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாய்.

உன் அம்மா காபி கொடுத்தார். "எம்புட்டுப் பெரிய ஆராய்ச்சி! எம்மக ஒத்தையிலேயே செஞ்சாள்னு காலேஜுல இருந்து வந்தவுக எல்லாம் சொன்னாக ஆத்தா. நீயுந்தான் அப்ப அவளுக்குத் தொணைக்கு வந்து ஒக்காந்திருப்ப."

துணைக்கு. செத்த வீட்டில் என்ன சொல்ல முடியும்? காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அங்கே சொல்லாததை உனக்குத்தான் சொல்கிறேன்.

அப்போது நீயும் நானும் ஒரே துறையில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியைகள். இயற்கையை அழிக்காத நிலைத்த வளர்ச்சியைப் பற்றி உலகம் முழுக்க வந்த ஆய்வுக் கட்டுரைகளின் விவரங்களை அள்ளிக் கணினியில் கொடுத்து வரைபடமாக்கத் தொடங்கினோம். அதிகம் பேசப்பட்ட சொல் பெரிய வட்டமாகும். எழுதியவரும் ஒரு வட்டம், அவர் இன்னொருவர் கட்டுரையைக் குறிப்பிட்டால் அந்தப் பக்கமாக ஒரு கோடு போகும். சேர்ந்து எழுதியவர்களுக்கு நடுவில் ஒரு கோடு விழும். "பாத்துக்கிட்டே இரு புள்ள, நாளைக்கு எவளாச்சும் படம் போட்டா நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு கோடு விழும்" என்பாய். நான் அதை நம்பினேன்.

உனக்குக் கேள்வி கேட்கவும் எழுதவும் வரும். எனக்குப் பொறுமை உண்டு. அதனால் பெயர்களைச் சுத்தம் செய்யும் வேலை என்னுடையதானது. நம் ஊர்க்காரர்கள் இனிஷியலை ஒரு கட்டுரையில் முன்னால் போடுவார்கள், அடுத்ததில் பின்னால் போடுவார்கள், இன்னொன்றில் அப்பா பேரையே முழுசாக எழுதிவிடுவார்கள். கணினிக்கு அது மூன்று ஆள். ஒரே மனுஷர் மூன்று வட்டமாகச் சிதறிக் கிடப்பார். ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து ஒன்றாகச் சேர்த்தேன். பார்த்துவிட்டு நீதான் சொன்னாய்: "இதுதாம்புள்ள ஆராய்ச்சி. மத்ததெல்லாம் அலங்காரம்."

படம் முழுசாக வந்த அன்றைக்கு நான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் பெரிய வட்டம். மண், காடு, காற்று எல்லாம் இருந்தன. "எங்கம்மா இதுல எங்கன இருக்காக?" என்று கேட்டேன். அம்மா கம்பத்திலிருந்து விடியுமுன் ஜீப்பில் மலையேறி, மருந்தடித்த ஏலக்காய்த் தோட்டத்தில் காயெடுத்துவிட்டு இருட்டித் திரும்புகிறவர். கூலியாள் என்ற சொல்லுக்கு அந்தப் படத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. நீ பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாய். பெருமையாகப் பார்க்கிறாய் என்று நினைத்தேன். பைத்தியக்காரி நான்.

பிறகு ஒருநாள் ஆசிரியர் அறைக்கு மைசூர்பாகு வந்தது. அந்த வரைபடத்தை வைத்து நீ எழுதிய கட்டுரை பெரிய இதழில் வந்துவிட்டதாம். எனக்கும் சேர்த்துத்தான் என்று ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் அச்சான பக்கத்தைப் பார்த்தேன். உன் பெயர், பக்கத்தில் துறைத்தலைவர் பெயர். நிலைத்த வளர்ச்சி ஆய்வுகள் உழைக்கிறவர்களை மறந்துவிட்டன என்பதுதான் கட்டுரையின் முடிவு. நான் எங்கேயும் இல்லை. ஆளைக் காணோம் என்று ஊருக்குச் சொல்கிற கட்டுரையிலேயே என்னைக் காணாமல் போகடித்துவிட்டாய்.

என் பேர் எங்கே என்று உன்னிடம் கேட்டேன். "பெரியவுக பேரு இருந்தாத்தான் எடுப்பாக புள்ள. அடுத்ததுல ஒன்னப் போடுறேன். அதோட, பேரச் சுத்தம் பண்றதெல்லாம் ஆராய்ச்சில சேருமா?"

மத்ததெல்லாம் அலங்காரம் என்று சொன்ன அதே வாய்! அடுத்தது என்று ஒன்று வரவேயில்லை. உனக்குப் பதவி வந்தது. நான் வேறு கல்லூரிக்குப் போனேன். மாரடைப்பு என்று செய்தி வந்தபோது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

இப்போது ஏலத்தோட்டப் பெண்களைப் பற்றி நானே ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் கட்டுரையைக் குறிப்பிடாமல் விட்டால் ஒருவரும் கேட்கப்போவதில்லை. விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் முதலில் அச்சில் வந்ததை மறைத்தால் நாளைக்கு வரைகிற படம் பொய்யாகிவிடும். அத்தனை பேரைத் தேடிப் பிடித்துச் சேர்த்த கைக்கு அது முடியவில்லை. நேற்று மேற்கோள் பட்டியலில் உன் பெயரைச் சேர்த்துவிட்டேன்.

இனி யாராவது படம் போட்டால் நமக்கு நடுவில் ஒரு கோடு விழும். சேர்ந்து எழுதிய கோடு இல்லை, என்னிடமிருந்து உன் பக்கம் மட்டும் போகிற கோடு. என் அம்மாவைப் பற்றி நான் சொன்னதை, நீ சொன்னதாக, என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.