வெயில் வராத அறை

பிப்ரவரி 3

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் நான் ஒன்று கேட்டால் நீங்கள் வேறொன்றுக்குப் பதில் சொல்கிறீர்கள். டாக்டரிடம் காதைக் காட்டுங்கள் என்றால் அதைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். அம்மா போன பிறகு நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

கொஞ்ச நாள் அங்கே வந்து இருக்க வேண்டும் போலிருக்கிறது. என் அறை அப்படியேதானே இருக்கிறது? மூன்று மணிக்கு மேல் ஜன்னல் வெயில் கட்டில் வரைக்கும் வருமே, அதில் காலை நீட்டிப் படுத்தால் போதும். வேறொன்றும் வேண்டாம்.

உங்கள் வாலு

பிப்ரவரி 10

என் அருமை வாலுவுக்கு,

அறையைப் பற்றி நீயே கேட்டுவிட்டாய். நேரில் காட்டி உன்னை வாய்பிளக்க வைக்கலாம் என்றிருந்தேன். போட்டோக் கடையைக் காலி செய்துவிட்டேன். இப்போது உன் அறைதான் ஸ்டுடியோ!

நான்கு சுவருக்கும் சாம்பல் நிறம் அடித்தாயிற்று. உன் ரோஜா நிறம் இருந்தால் எடுக்கிற முகமெல்லாம் அந்தச் சிவப்பை வாங்கிக்கொண்டு வெட்கப்பட்டது போல நிற்கும். அலமாரி இருந்த இடத்தில் படத்துக்குப் பின்னணியாக வெள்ளைப் பேப்பர் சுருள் தொங்குகிறது. நீ படித்த மேஜைமேல்தான் பொருள்களை வைத்துப் படமெடுக்கிறேன். கட்டிலை மாடிவீட்டு அம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். நீ சொல்கிற வெயில் இருக்கிறதே, அதுதான் பெரிய தலைவலி. நிமிடத்துக்கு ஒரு நிறம் மாறும். ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்துவிட்டேன். இனி எனக்குப் பகலும் ஒன்றுதான், ராத்திரியும் ஒன்றுதான்.

நீங்கள் இருவரும் தாராளமாக வாருங்கள். ஹாலில் படுக்கலாம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா

பிப்ரவரி 21

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்டுடியோ நன்றாக அமைந்ததில் சந்தோஷம். அம்மா இருந்திருந்தால், "இந்த மனுஷன் அடுத்து அடுப்படியையும் புடிச்சுப்பாரு" என்றிருப்பாள்.

நான் மட்டும்தான் வருவேன், அப்பா. எப்போது திரும்புவேன் என்பது முடிவாகவில்லை. திரும்புவேனா என்பதும்தான். கட்டில் இல்லாவிட்டால் பரவாயில்லை, ஒரு பாய் போதும். ஆனால் ஹால் வேண்டாம். கதவைச் சாத்திக்கொள்கிற மாதிரி ஓர் இடம் கிடைக்குமா?

உங்கள் வாலு

மார்ச் 1

அருமை மகளுக்கு,

உன் வீட்டில் நீ வருவதற்குக் கேள்வி என்ன? ஆனால் பதினைந்தாம் தேதிக்குப் பிறகு வந்தால் நல்லது. செருப்புக் கம்பெனி ஒன்று இருநூறு ஜோடி அனுப்பியிருக்கிறது. ஹாலில் நடக்க வழியில்லை, நானே செருப்பைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போகிறேன். வருகிறவர்கள் தடதடவென்று கதவைத் திறந்து வெளிச்சத்தை உள்ளே விடுகிறார்கள் என்று வீட்டு வாசலில் சிவப்பு பல்பு மாட்டிவிட்டேன். குளியலறையில் படம் கழுவிய காலத்தில் மாட்டியிருந்தேனே, அதே பல்பு. அது எரிகிறவரை நீயும் அம்மாவும் கதவைத் தட்டமாட்டீர்கள், மூச்சுவிடமாட்டீர்கள். அந்த ஒழுக்கம் இப்போது யாருக்கு வருகிறது?

மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காதா?

அன்புடன்,
அப்பா

மார்ச் 24

என் கண்ணுக்கு,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. இன்று மாடிவீட்டு அம்மா வந்து, "உங்க பொண்ணு போயிடுச்சா? போன செவ்வாய்க்கிழமை மூணு மணியிலேருந்து படியிலயே உக்காந்திருந்துச்சே. ரெண்டு பெட்டி வச்சிருந்துச்சு. கேட்டதுக்கு, அப்பா வேலையா இருக்கார், முடியட்டும்னு சொல்லுச்சு" என்றார்.

செவ்வாய்க்கிழமை படமெடுக்கிற வேலை ஒன்றும் இல்லை, கண்ணு. செருப்புகள் திங்களன்றே போய்விட்டன. பல்பை அணைக்க மறந்துவிட்டேன். நான் உள்ளே கணினி முன்னால் உட்கார்ந்து, படத்தில் ஒரு செருப்பின் மேலிருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பத்தடி தூரத்தில் நீ இருந்திருக்கிறாய்.

பத்து நாள் தங்க வருகிறவள் இரண்டு பெட்டி கொண்டுவரமாட்டாள். நீ எழுதியதை எல்லாம் எடுத்து மறுபடி படித்தேன். அப்போது படித்தவன் யாரென்று தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது. நாளைக்கே பெயின்டரை வரச் சொல்லியிருக்கிறேன். கறுப்புத் துணியைக் கிழித்துவிட்டேன். மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். நீ வந்துவிடு.

அப்பா

ஏப்ரல் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

பழைய விலாசத்துக்கு வந்த உங்கள் கடிதத்தை அவர் விலாசத்தை மாற்றி எழுதி அனுப்பியிருந்தார். பிரித்துப் பார்க்கவில்லை. அந்த வரைக்கும் நல்லவர்.

பெயின்டர் இதற்குள் வந்து போயிருந்தால், மறுபடி சாம்பல் நிறமே அடிக்கச் சொல்லுங்கள். அது உங்கள் பிழைப்பு. எந்த நிறம் அடித்தாலும் நான் அங்கே உட்கார்ந்து உங்கள் வேலையைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் இருப்பேன்.

கதவைத் தட்டியிருக்கலாம். கையைத் தூக்கினேன், முடியவில்லை. பல்பு அணைந்ததும் போகலாம், இன்னும் பத்து நிமிடம், இன்னும் பத்து நிமிடம் என்று உட்கார்ந்திருந்தேன். ஆறு மணி வாக்கில்தான் உறைத்தது. அந்த வீட்டிலும் நாலு வருடம் இதைத்தான் செய்தேன், அப்பா. உள்ளே இருப்பவருக்கு எப்போது நேரம் ஒழியும் என்று வெளியே காத்திருந்தேன். இனி யார் வாசலிலும் என்னால் அப்படி உட்கார முடியாது. உங்கள் மேல் கோபம் இல்லை. இருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. உடன் வேலை பார்ப்பவளோடு ஓர் அறையில் இருக்கிறேன். இனி பழைய விலாசத்துக்கு எழுதாதீர்கள். புதியதை ஒருநாள் நானே எழுதுகிறேன்.

வேலையில் சேரப் புகைப்படம் கேட்டார்கள். தெருமுனைக் கடையில் போய் எடுத்துக்கொண்டேன். பிறந்ததிலிருந்து உங்களைத் தவிர வேறு யாரும் என்னைத் தனியாக நிறுத்தி எடுத்ததில்லை. அந்த ஆளுக்கு முகவாயை எங்கே வைக்கச் சொல்வது என்றுகூடத் தெரியவில்லை. எட்டுப் பிரதி கொடுத்தார். ஒன்று இத்துடன் இருக்கிறது. நன்றாக இல்லைதான், வைத்துக்கொள்ளுங்கள்.

மகள்