விபூதி பட்ட பக்கங்கள்

அத்தான்,

தீயல் அடுப்பில் இருக்கிறது. அப்பளத்தை நீங்களே சுட்டுக்கொள்ளுங்கள். நான் பழவங்காடி வரை போகிறேன்.

அந்த நாவலை வாசகசாலையிலிருந்து தூக்கச் சொல்லும் மனுவோடு ஸ்ரீஜித் சாயங்காலம் வருவான், உங்கள் கையெழுத்துக்கு. நேற்று என்ன வீறாப்பு! "இந்தக் கண்றாவிய மனுசன் தொடுவானா?" என்று கத்திவிட்டு என் கையிலிருந்த அதே நாவலையும் பறித்துப் பரணில் போட்டீர்கள்.

இன்று காலை அதை எடுத்துப் பார்த்தேன். கதாநாயகி வீட்டைவிட்டு ஓடுகிற இடம்வரை பக்கத்துக்குப் பக்கம் விபூதி விரல்தடம். திருட்டுத்தனமாகப் படிக்கிறவர் பூசை முடிந்ததும் கையையாவது துடைத்திருக்கலாம்.

வெளியே போனால் சாவி எதிர்வீட்டு மங்கலத்திடம்.

– கிருஷ்ணவேணி

பி.கு: கையெழுத்துப் போடுமுன் கை கழுவுங்கள், மனுவிலும் ஒட்டப்போகிறது.

இன்னொன்று: புத்தகம் என் பையில். ஓடிப்போனவள் பிடிபட்டாளா இல்லையா என்று ஊரில் யாரையும் கேட்க முடியாது, என்னிடம்தான் கேட்கவேண்டும்.