மழையில் நடந்தவர்

1979 ஜூன் 4, திங்கள்

பள்ளி திறந்தது. என் இரண்டாம் வகுப்பில் புதுப் பிள்ளைகள் நிறைய. பிரெஞ்சில் பெயரைக் கேட்டால் பாதிப் பேர் அழுகிறார்கள்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் சென்னைக் கார். என் புருஷன் எமீல் கடைசியாக நடித்துக்கொண்டிருந்த படத்தின் தயாரிப்பாளர் ஜானகிராமன். மாமாவுக்கு, எமீலின் அப்பாவுக்கு, எதிரே உட்கார்ந்திருந்தார். மார்ச்சில், திண்டிவனம் தாண்டி ஜீப் மரத்தில் மோதி எமீல் போனபோது வந்தவர். அதற்குப் பிறகு இன்றுதான்.

“முக்கால்வாசி எடுத்தாச்சும்மா. கடைசிக் காட்சிங்கதான் பாக்கி. அருள்மணி சார் மாதிரியே ஒருத்தர் கெடைச்சிருக்காரு. முதுகுப் பக்கமா, தூரத்துல வச்சு எடுத்துடலாம். நீங்க சரின்னு சொல்லணும்.”

அருள்மணி என்பது எமீலுக்கு சினிமா வைத்த பெயர். எனக்கு இன்னும் அது வேறு யாரோ.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மாமா என்னைப் பார்க்காமலே சொன்னார்: “சரின்னு சொல்லு ழனெத். எம்புள்ள ஆரம்பிச்சது பாதியில நிக்க வேணாம்.”

ஜூன் 5

சரி என்று சொல்லிவிட்டேன். எமீலின் சட்டைகளையும் கேட்டார்கள். துவைத்துக் கொடுத்தேன். துவைத்த பிறகுதான், ஐயோ, வாசனை போயிடுச்சே என்று தோன்றியது.

ஜூன் 10, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அந்த ஆளைக் கூட்டிவந்தார்கள். பெயர் கோவிந்தராசு, நெல்லித்தோப்பு. மில்லில் வேலை போனபின் திருவிழா நாடகங்களில் நடிக்கிறாராம். மேடையில் எமீல் வசனத்தை எமீல் குரலில் பேசினால்தான் கைதட்டல் விழுமாம்.

முகம் துளிகூட ஒட்டவில்லை. அகன்ற மூக்கு, சின்னக் கண்கள். அப்பாடா என்றிருந்தது. பிறகு, செருப்பைக் கழற்றிவிடத் திரும்பினார். எமீலின் முதுகு.

“நடந்து காட்டறேன் மதாம். தப்பா இருந்தா சொல்லுங்க.”

எதுவும் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். முற்றத்தில் எமீலின் பழுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்தார். இரண்டு கையும் வீசி. எமீலுக்கு வலது கை வீசாது. சின்ன வயதில் குருசுக்குப்பத்தில் படகிலிருந்து விழுந்து முழங்கை முறிந்தது. அந்தச் சட்டைக்குள் தப்பான நடையைப் பார்க்க முடியவில்லை.

“வலது கைய வீசாதீங்க.”

மறுபடி நடந்தார்.

“திரும்பும்போது தல மொதல்ல திரும்பும். ஒடம்பு அப்பறந்தான்.”

சொல்லச் சொல்லச் சரியாகிக்கொண்டே வந்தது. மாமா எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஏன் சொன்னேன்? யாருக்காகச் சொன்னேன்?

ஆகஸ்ட் 18, சனி

சென்னை. குரல் சேர்க்கும் இடத்துக்கு என்னையும் வரச் சொன்னார்கள். செத்துப்போனதாக நினைத்த மகன், கடைசியில் அப்பாவிடம் திரும்பி வருகிற காட்சி. திரையில் கோவிந்தராசுவின் முதுகு. மைக்குக்கு முன்னால் கோவிந்தராசு, கண்ணை மூடிக்கொண்டு:

“அப்பா, நான் எங்கயும் போகல.”

எமீல் குரல்தான். ஆனால் எங்கோ இடித்தது. எங்கே என்று சட்டென்று புரிந்தது. ஜானகிராமனிடம் சொன்னேன்: “அவரு ‘போகல’ன்னு சொல்ல மாட்டாரு. ‘போவல’ம்பாரு. எத்தன பேரு திருத்தியும் மாறல.”

கோவிந்தராசு ‘போவல’ என்று சொன்னார். உள்ளே இருந்த ஒலிப்பதிவாளர் எழுந்தே நின்றுவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்ணை மூடி, எமீல் என்னைக் கூப்பிடுவதை நினைத்துப் பார்த்தேன். ‘ழனெத்’ என்று. வந்தது. ஆனால் வந்தது யார் குரல்? அவருதா, இல்ல அந்த மைக் முன்னாடி கேட்டதா? தெரியலையே.

அக்டோபர் 9

எமீல் பிறந்தநாள். மாமாவும் நானும் கல்லறைக்குப் போய் வந்தோம்.

1980 ஜனவரி 16

படம் வந்துவிட்டது. தியேட்டர் வாசலில் எமீலின் உயரமான கட்-அவுட், மாலைகள், கற்பூரம். முத்தியால்பேட்டையிலிருந்து ரசிகர்கள் வண்டி கட்டி வந்திருந்தார்கள்.

நான் கதை பார்க்கவில்லை. தையலைத் தேடிக்கொண்டிருந்தேன் — எங்கே அவர் முடிகிறார், எங்கே இவர் ஆரம்பிக்கிறார் என்று. முகம் தெரிகிற இடமெல்லாம் எமீல். முகம் தெரியாத இடங்களில் சிலது உடனே பிடிபட்டது, கழுத்து கொஞ்சம் தடிமன். ஒரு காட்சி மட்டும் என்னை உலுக்கிவிட்டது. மழையில், தெருக்கோடிவரை, முதுகைக் காட்டியபடி நடந்து போகிறார். கோவிந்தராசு எப்படித்தான் நடந்தாரோ. அந்த வலது கை, திரும்பாமலே நின்று யோசிக்கிற அந்தத் தோள். எமீலைவிட எமீலாக இருந்தது.

“அப்பா, நான் எங்கயும் போவல” வந்தபோது தியேட்டரே அழுதது. மாமா அழவில்லை. இருட்டில் ‘உய்’ என்று மட்டும் சொன்னார். ஆமாம் என்று, பிரெஞ்சில். கூப்பிட்டவனுக்குப் பதில் சொல்வதுபோல.

பிப்ரவரி 3, ஞாயிறு

மாமா தினமும் மத்தியானக் காட்சிக்குப் போகிறார். நான் தடுக்கவில்லை.

கோவிந்தராசு பழம் வாங்கிக்கொண்டு வந்தார். தெருவில் சிலர் அவர் காலில் விழுந்தார்களாம். சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டார். பாராட்ட வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன்:

“அந்த மழையில நடந்தீங்களே, அது ஒண்ணு போதும். எனக்கே அவர்தான்னு தோணிடுச்சு.”

அவர் காப்பியைக் கீழே வைத்தார்.

“மதாம்... அது நான் இல்ல. அது அவரேதான். போன வருசம் சனவரியிலயே எடுத்துட்டாங்களாம்.”

பிறகு என்ன பேசினோம் என்று நினைவில்லை.

என் புருஷன் என் கண் முன்னாடி நடந்து போனாரு. நான் அவர வேற ஆளுன்னு நெனச்சிப் பார்த்தேன். நல்லா நடிக்கிறான்னு நெனச்சேன்.

பிப்ரவரி 4

பள்ளிக்குப் போகவில்லை.

மார்ச் 11

ஜானகிராமன் மறுபடி வந்தார். முழுதாகப் புதுக் கதை. பழைய படங்களில் மிச்சமான துண்டுகளிலிருந்து முகத்தை எடுத்துக்கொள்வார்கள், மற்றதெல்லாம் கோவிந்தராசு. “யாராலயும் கண்டுபிடிக்க முடியாதும்மா. உங்களாலயே முடியலையாமே.” கோவிந்தராசு அவரிடம் சொல்லியிருக்கிறார். தப்பாகச் சொல்லியிருக்க மாட்டார். ஆனாலும் வலித்தது.

வேண்டாம் என்றேன்.

அவர் போனதும் மாமா சொன்னார்: “உனக்கென்ன, நீ மறந்துட்ட. நான் தெனம் போயி அவனப் பாத்துட்டு வரேன்.”

“நீங்க பாக்கறது அவரு இல்ல மாமா.”

“தெரியும்.”

அந்தத் ‘தெரியும்’ எனக்குப் போதவில்லை. மழைக் காட்சியைப் பற்றி முதல்முறையாக அவரிடம் சொன்னேன். “ஒரு படத்துலயே அவரு நடை எனக்குத் தெரியாமப் போச்சு. இன்னொண்ணு வந்தா மிச்சம் இருக்கறதும் போயிடும் மாமா. அப்பறம் எனக்கு யாரு இருக்கா?”

கதவைச் சாத்திக்கொண்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இந்தோசீனா வரை போனவர். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார்.

மார்ச் 14

கோவிந்தராசுவும் அவர் மனைவி வீராயியும் வந்தார்கள். நான் சரி என்று சொன்னால் அவருக்கு வேலை. வேலை மட்டுமல்ல.

“எம் மூஞ்சிய யாரும் கேக்க மாட்டேங்கறாங்க மதாம். முதுகத்தான் கேக்கறாங்க. அதையும் நீங்க வேணாம்னா...”

வீராயி குறுக்கிட்டாள். “நீங்க வேணாம்னே சொல்லுங்க மதாம். வூட்டுலகூட அந்தக் கொரல்லதான் பேசறாரு. புள்ளய அதட்டறதுகூட அவரு மாதிரி. நான் யாரோட குடும்பம் நடத்தறேன்னே தெரியல.”

கோவிந்தராசு அவளைத் திரும்பிப் பார்த்தார். தலை முதலில், உடம்பு அப்புறம்.

அது நான் சொல்லிக்கொடுத்தது.

மன்னிப்புக் கேட்டேன். ஆனால் சரி என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 6, ஈஸ்டர்

மாமா இன்று பேசினார். “பூசைக்கு நேரமாச்சு.” அவ்வளவுதான். போதும்.

1981 செப்டம்பர் 20

போன வாரம் வந்த நெஞ்சு வலி மாமாவுக்குக் குறைந்திருக்கிறது, ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. காலையில், “அந்த நெல்லித்தோப்புக்காரரக் கூட்டியா” என்றார். எதற்கு என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். போகக் கால் வரவில்லை. ஆனாலும் போனேன். சாகப்போகிறவர் கேட்கிறார், நான் யார் மறுக்க.

கோவிந்தராசு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொண்டையைச் சரிசெய்துகொண்டார். அவரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். “அப்பா—” என்று ஆரம்பித்தார். எமீல் குரல். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாமா கையை உயர்த்தி நிறுத்தினார்.

“அத நான் நெறைய கேட்டுட்டேன் தம்பி. உங்களத்தான் வரச்சொன்னேன். எம்புள்ளைக்காக இவ்ளோ செஞ்சீங்க, உங்க கொரல் எப்படின்னே எனக்குத் தெரியாது. ஏதாச்சும் பேசுங்க.”

கோவிந்தராசு வாயைத் திறந்தார். உடனே வரவில்லை. பிறகு மில்லைப் பற்றிப் பேசினார், சங்கு ஊதியதும் சைக்கிளில் கூட்டமாய்ப் போனது பற்றி. மெல்லிய குரல், கொஞ்சம் மூக்கால் பேசுகிற குரல். மாமா கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டார்.

செப்டம்பர் 27

மாமாவின் அடக்கம் முடிந்தது. குழிமேடு வரை ஒரு பக்கம் தோள் கொடுத்தவர் கோவிந்தராசு.

1984 ஜூலை 22, ஞாயிறு

வீராயி வந்து கூப்பிட்டாள், மத்தியானக் காட்சிக்கு. சின்னப் படம். கூட்டமில்லை. இடைவேளைக்குப் பிறகு ஒரு தபால்காரர் வருகிறார், கதாநாயகியின் அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசுகிறார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறார். கோவிந்தராசு. முழு முகம், அகன்ற மூக்கு, மூக்கால் பேசுகிற குரல். யாரும் கைதட்டவில்லை. வீராயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெளியே வெயிலில் கண் கூசியது. படியிறங்கும்போது கேட்டாள்:

“எப்படி மதாம் இருந்தாரு?”

“அவரு அவரு மாதிரியே இருந்தாரு” என்றேன்.