பெரிய வெள்ளிச் சேலை உடுத்த பேய்

மிட்சம், லண்டன்
கார்த்திகை (நவம்பர்) 1

அன்பு மகள் மேரிசாந்திக்கு,

மாதா துணை. என் முழங்காலைத் தவிர இங்கே நானும் அம்மாவும் நல்ல சுகம். ஒக்லண்டில் நீ முழங்கால் உட்படச் சுகமாயிருக்க வேண்டுகிறேன். அம்மா சகல புனிதர் திருநாள் பூசைக்குப் போய்விட்டார், நான் முழங்காலைச் சாட்டி வீட்டில் நின்று அவசரமாக இதை எழுதுகிறேன், படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புவேன், வாசித்ததும் அழித்துவிடு.

நேற்று ஹலோவீன். போன வருடம் எதிர்வீட்டு பீற்றர் பிளாஸ்டிக் எலும்புக்கூட்டைத் தொங்கவிட்டுப் பெருமையடித்தது உனக்குத் தெரியும். இந்த முறை விடுவேனா? யூடியூப்பில் பார்த்துப் படித்தேன். கறுப்புத் துணிக்கு முன்னால் வெள்ளை உடுத்த ஆளை வீடியோ எடுத்து, அறையை இருட்டாக்கி, முன் ஜன்னலில் மெல்லிய வெள்ளைத் துணி கட்டி, உள்ளேயிருந்து புரொஜெக்டரால் அடித்தால், தெருவில் நிற்பவர்களுக்குப் பேய் அந்தரத்தில் மிதக்கும். முதலில் நானே போர்வையைச் சுற்றிக்கொண்டு நடித்தேன். செத்த ஆத்துமாக்களுக்குச் செபிக்கிற நேரத்தில உந்தப் பேய்க்கூத்து என்னத்துக்கு என்று புறுபுறுத்துக்கொண்டிருந்த அம்மா, அதைப் பார்த்ததும் வயிறு நோகச் சிரித்தார். உப்பிடி வண்டிவயிறு வைச்ச பேயை ஆர் கண்டது, தள்ளுங்கோ என்று சொல்லிவிட்டு, பெரிய வெள்ளிக்குக் கட்டும் வெள்ளைச் சேலையை உடுத்து, தலைமயிரை விரித்துப்போட்டு வந்து நின்றார். பிள்ளை, நான் உண்மையாகவே பயந்துபோனேன். ஒரு குறைதான், தரைவரை விரித்த கறுப்புத் துணியில் கால் வைக்குமுன் செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்தார், அதுவும் வீடியோவில் விழுந்துவிட்டது.

பொழுதுபட்டதும் பேயை விட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற பேயை இந்தத் தெரு முன்பின் கண்டதில்லை. ஸ்பீக்கரை வாசலில் வைத்திருந்தேன், ஊளைச் சத்தத்துக்குப் பீற்றரே கேற்றடிக்கு ஓடினார். ஆனால் வீடியோவின் கடைசித் துண்டை வெட்ட மறந்துபோனேன். கமரா நின்றுவிட்டது என்று நினைத்த பேய், கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, கொண்டையை முடிந்தபடி பேசத் தொடங்கியது. மேரிசாந்தி உதைப் பாத்தாளெண்டால் விழுந்து விழுந்து சிரிப்பாள், சொல்லாமல் டிக்கெட் எடுத்துக்கொண்டு போனவளோட நான் கதைக்கமாட்டன், ஆனா அவளில்லாமல் இந்த வீட்டில சிரிச்சு எவ்வளவு காலம் என்று சொல்லிச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தது. தெருப் பிள்ளைகள் அதையும் பேய்ப்பாஷை என்று நினைத்து இன்னும் கத்தினார்கள். பக்கத்து வீட்டு பெர்னடெற்றுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது, இந்நேரம் கோயில் முழுக்க விளங்கியிருக்கும். இனிப்புத் தட்டோடு வாசலில் நின்ற அம்மாவும் எல்லாம் கேட்டார். என்னைத் திட்டுவார் என்று பார்த்தால், அவளுக்கு அனுப்பிப்போடாதையுங்கோ என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார். அவரோடு இத்தனை வருடம் வாழ்ந்தவனுக்கு அதன் பொருள் தெரியாதா? இதோடு வீடியோவும் வருகிறது.

ஈஸ்டரிலிருந்து அவள் முதலில் போன் எடுக்கட்டும் என்று அவரும், அவர் எடுக்கட்டும் என்று நீயும் இருக்கிறீர்கள். நடுவில் நின்று எனக்கு அலுத்துவிட்டது, கவலையாகவும் இருக்கிறது. ஞாயிறு இரவு, உனக்குத் திங்கள் காலை, நான் உன் நம்பரை அடித்து, மகள் எடுக்கிறாள் என்று சொல்லிப் போனை அவர் கையில் திணிப்பேன். உனக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன், எடுக்கச் சொன்னது அம்மாதான். எது உண்மை என்று இரண்டு பேரும் ஆராய வேண்டாம்.

மாதா உன்னைக் கைவிடாமல் காப்பாராக. நேரத்துக்குச் சாப்பிடு. அன்று போனைச் சார்ஜில் போட்டு வை. அம்மா ஹலோ சொன்னதும் செருப்பை ஏன் கழற்றினீங்கள் என்று மட்டும் கேள், மிச்சத்தை அவரே கதைப்பார்.

உன் அப்பா,
ஞானரட்ணம்